ஆறு நிமிடம் பின்னால்

ஜனவரி 7

இந்த நோட்டு டவர் விவரம் எழுத வாங்கியது. எந்த ஊர், எந்த மூலை, எந்த சிம்முக்கு எத்தனை கோடு என்று எழுதிவைத்தால் அடுத்த முறை உதவும் என்பது ரஃபேலின் யோசனை. ரஃபேல் என் கேமராக்காரன். ஆறு வருடமாக என்னோடு மல்லுக்கட்டுகிறவன். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதுவானாலும் வர முடியாத சொந்தக்காரர்களுக்கு நேரலையில் காட்டுவது எங்கள் தொழில். தொழில் மொத்தமும் ஓர் ஆம்னி வேனுக்குள் அடக்கம். வேனின் இரண்டு பக்கமும் 'சேவுகன் லைவ், நொடி பிசகாத நேரலை' என்று எழுதியிருக்கும். சேவுகன் நான்தான். அந்த வாசகமும் நான் யோசித்ததுதான்.

கார்த்திகையில் கொத்தங்குடி கல்யாணத்தில் நொடி பிசகவில்லை, மொத்தமாகவே நின்றுபோனது. கெட்டிமேளம் முழங்குகிற நேரம் பார்த்து டவர் போய்விட்டது. மெல்போர்னில் இருந்த பெண்ணின் அண்ணன் திரையில் வட்டம் சுற்றுவதைத்தான் பார்த்தான். மூன்று முடிச்சும் போட்டு, மாலை மாற்றி, மணமக்கள் மண்டபத்தை வலம் வரும்போதுதான் படம் திரும்பியது. பெண்ணின் அம்மா பந்தியில் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "என் புள்ள விடியக்காலமே குளிச்சி வேட்டி கட்டிட்டு உக்காந்திருந்தான்யா. உன்ன நம்பித்தானய்யா உக்காந்திருந்தான்." நான் இலையில் இருந்த பாயசத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் இலைகூட இல்லை.

அதன் பிறகு தைக்குப் பேசியிருந்த மூன்று வீட்டார் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு கொத்தங்குடி நடந்தால் வேனை விற்றுவிட்டு மாமனார் கடையில் உட்கார வேண்டியதுதான்.

ஜனவரி 9

நாலு சிம் போடுகிற பெட்டி வந்துவிட்டது. நாலு கம்பெனி சிக்னலையும் சேர்த்து முறுக்கி ஒரே கயிறாக்கி அனுப்புமாம். சிம்கள் ஒன்றுபோலவே இருப்பதால் மங்கையின் நகப்பாலிஷால் புள்ளி வைத்தேன். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று, நாலு. "கட்டுன பொண்டாட்டிக்கு ஒருநாள் வச்சுவிட்டதில்ல, சிம்முக்கு வச்சு விடுறாரு" என்றாள்.

ஆன்டெனாவைத் தொரட்டிக் கம்பில் கட்டி வேன் மேல் நிறுத்தினோம். பேருந்து நிலையத்தில் சோதித்துப் பார்க்கையில் ஒரு பெரியவர் நின்று, "எந்த மரத்துல முருங்கக்கா பறிக்கப் போறீக?" என்று கேட்டார். ரஃபேல் பத்து நிமிடம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது சிம் ஒரு கோடுதான் காட்டியது.

இன்னொரு சின்ன ஏற்பாடும் செய்திருக்கிறேன். படம் உடனே போகாது. பெட்டிக்குள் இரண்டு நிமிடம் சேர்ந்து, அதன் பிறகுதான் வெளியே போகும். நடுவில் ஒரு நிமிடம் டவர் போனாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கையிருப்பில் இருக்கிற படம் போய்க்கொண்டிருக்கும். இதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஜனவரி 15

பொங்கல். பானை பொங்கும்போது எல்லோரும் குலவை போட்டார்கள். நான் போனில் கோடு பார்த்துக்கொண்டிருந்தேனாம். மங்கை சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை.

ஜனவரி 20

ஊர்: மேலவயல். டவர்: ஒன்றுக்கு மூன்று கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்று அறவே இல்லை, நாலு வந்து வந்து போனது.

பெட்டி வந்தபின் முதல் கல்யாணம். தாலி கட்டும்போது முழுதாக நாற்பது நொடி டவர் செத்தது. ஆனால் வெளியே போன படத்தில் ஒரு சிணுங்கல்கூட இல்லை. பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டேன்.

ஒரே ஒரு சங்கடம். சிங்கப்பூரில் இருக்கிற மாப்பிள்ளையின் அக்கா, லைவையும் பார்த்துக்கொண்டு, இங்கே தன் சித்தியிடம் போனிலும் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். சித்தி போனை என்னிடம் நீட்டினார். "ஏங்க, போன்ல கெட்டிமேளம் கேட்டுச்சு, அட்சதையும் போட்டுட்டேன். டிவில இப்பத்தான் பொண்ணையே கூட்டிட்டு வர்றாங்க. ரெண்டு தடவையா கட்டுறாங்க?"

"தூரமாச்சேக்கா, கொஞ்சம் பிந்தித்தான் வரும்" என்றேன். "அப்ப இன்னொரு தடவ போட்டுக்கிறேன்" என்று சிரித்தாள். நல்ல மனுஷி. நான் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு வேனுக்கு நடந்தேன்.

ஜனவரி 21

காலையில் ரஃபேல் டீக்கடையில் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ரெண்டு நிமிசம் லேட்டுன்னு சொல்லிருவோம். சொன்னா என்ன?"

"நேரலைன்னு எழுதிப்போட்டுட்டு லேட்டுன்னு சொல்லவா?"

"எழுத்த அழிச்சிருவோம்."

"அழிச்சிட்டு என்ன எழுதுறது? 'சேவுகன் லைவ், கொஞ்சம் பொறுங்க'ன்னா?"

அவன் சிரிக்கவில்லை. டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான். ரஃபேல் நல்லவன்தான், ஆனால் வாய் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு நிமிடம் முந்திப் பார்த்தால் என்ன, பிந்திப் பார்த்தால் என்ன.

ஜனவரி 24

ஊர்: பெருங்காடு மண்டபம். எல்லாம் மூன்று கோடு. தடங்கல் இல்லை. பெண்ணின் அப்பா தோளில் தட்டி, "சொன்ன மாதிரியே நொடி பிசகலப்பா" என்றார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இலையைப் பாதியிலேயே மூடிவிட்டேன்.

ஜனவரி 28

காலையில் லிங்கம் என்பவர் வந்தார். கூத்தலூர்க்காரர், உரக்கடை வைத்திருக்கிறார். அவருடைய சித்தப்பா, கண்டக்டர் அடைக்கலம், நேற்றுச் சாயங்காலம் இறந்துவிட்டார். ஒரே மகள் பவானி, கனடாவில். வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். நாளை மதியம் தகனம்.

"வீட்டுல எடுக்குறது பெருசில்ல தம்பி. மயானத்துல எடுக்கணும். அவ அங்கதான் பாக்கணுங்குறா" என்றார். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். மயானத்துக்கு ஆண்கள் மட்டும்தான். "ஊர்ல இருந்திருந்தாலும் தெருமுனையோட நிப்பாட்டியிருப்பீங்க, தூரத்துல இருக்குறதுனாலயாவது கடைசிவரைக்கும் வரேன்னு சொல்றா. நான் என்ன பதில் சொல்ல முடியும்?"

பவானியிடம் பேசினேன். குரல் அழுது அழுது தடித்திருந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னாள்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். கடைசியா முகத்த மூடுவாங்கல்ல, அதுக்கு முன்னாடி நான் அப்பாகிட்ட கொஞ்சம் பேசணும். லிங்கண்ணன் போன்ல இருப்பாரு. நான் சரின்னு சொன்ன பிறகுதான் மூடணும். செய்வீங்களா?"

"கண்டிப்பாம்மா."

"நொடி பிசகாதுன்னு வேன்ல போட்டிருக்காமே, அண்ணன் சொன்னாரு."

"ஆமாம்மா" என்றேன்.

பத்து மணிக்கு மயானத்தைப் பார்க்கப் போனோம். கண்மாய்க் கரையை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது. ஒரு கோடு. கம்பைத் தூக்கினால் இரண்டு. கரை மேல் வேனை நிறுத்தினாலும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. இரண்டு நிமிடக் கையிருப்பு இங்கே போதாது. அந்தப் பெண் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. இன்னொரு கொத்தங்குடி கூடவே கூடாது.

ஆறு நிமிடமாக வைத்தேன். ரஃபேல் பார்த்துக்கொண்டிருந்தான். "லிங்கத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 29

ஊர்: கூத்தலூர் மயானம். டவர்: ஒன்றுக்கு இரண்டு கோடு, நாலுக்கு ஒரு கோடு. லைவ் தடையில்லாமல் போனது.

ஜனவரி 30

வேனைக் கழுவினேன். கண்மாய்ச் சேறு டயரில் காய்ந்து கல்லாகியிருந்தது. தொரட்டியின் கயிறு நைந்துவிட்டது, புதிதாகக் கட்டினேன். கேமரா கார்டு இன்னும் ரஃபேலிடமே இருக்கிறது. வாங்க வேண்டும். மங்கை ரசம் வைத்திருந்தாள்.

மதியம் பவானியிடமிருந்து செய்தி: 'நன்றி சார். அப்பா முகம் தெளிவா இருந்துச்சு.'

அவ்வளவுதான். பதில் போடவில்லை. கைகூப்பும் படத்தை அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை.

பிப்ரவரி 1

ரஃபேல் வரவில்லை. போன் செய்தால், "காய்ச்சல்ணே" என்கிறான். காய்ச்சல்காரன் குரல் மாதிரி இல்லை.

மங்கை, "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து பேயறைஞ்ச மாதிரி இருக்கீகளே, திருநீறு போட்டுக்கிட்டு வாங்க" என்றாள். போட்டுக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 3

எழுதிவிடுகிறேன். இது டவர் நோட்டு. டவர் விஷயம்தானே இதுவும்.

அன்று மூன்று மணிக்குப் பாடையை மயானத்தில் இறக்கினார்கள். ரஃபேல் தலைமாட்டுப் பக்கம் கேமராவை நிறுத்தினான். நான் பக்கத்தில் மடிக்கணினியோடு. அதில் இரண்டு படம் ஓடும். ஒன்று கேமரா இப்போது பார்ப்பது, இன்னொன்று வெளியே போய்க்கொண்டிருப்பது, அதாவது பவானி பார்ப்பது. லிங்கம் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் வைத்திருந்தார். கொள்ளி வைப்பது அவருடைய தம்பி. பவானி அவ்வப்போது, "அண்ணே, இப்பத்தான் தெருமுனை தாண்டுறாங்க" என்பாள். லிங்கம் இறக்கி வைத்தாயிற்றே என்பதுபோல் போனைப் பார்ப்பார். அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பங்காளிகள் சூழ்ந்து நின்றார்கள். வேன் பக்கவாட்டில் அந்த எழுத்துகள் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

வாய்க்கரிசி போட்டார்கள். வெட்டியான், "மொகம் பாக்குறவக பாத்துக்கங்க" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் விலகி நின்றார்கள். கேமராவுக்கு நேராக அந்த முகம். நல்ல மீசை. காதில் பஞ்சு.

அந்த நேரம் பார்த்துப் போன் அறுந்தது. லிங்கம் திரும்பத் திரும்ப அழுத்தினார். போகவில்லை. இரண்டு நிமிடம் போல நின்றார்கள். வெட்டியான், "மூடலாமாய்யா?" என்றார். லிங்கம் என் பக்கம் திரும்பி, "தம்பி, லைவ் போகுதுல்ல? அவ பாத்துக்கிட்டிருக்காளா?" என்று கேட்டார்.

போகுது என்றேன்.

மூடிவிட்டார்கள். முதலில் முகத்தில் ஒரு வறட்டி. அப்புறம் வரிசையாக வறட்டி, வைக்கோல், மண். லிங்கத்தின் தம்பி குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வந்தான். குடம் உடைந்தது. நெருப்பு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வைக்கோல் குப்பென்று பிடித்தது.

அப்போது போன் அடித்தது. லிங்கம் எடுத்தார். ஸ்பீக்கரில் பவானி.

"அண்ணே, இப்பத் தெரியுதுண்ணே! எல்லாரும் விலகிட்டாங்க. அப்பா முகம் நல்லாத் தெரியுது. மூடிராதீங்க, கொஞ்சம் இருங்க, நான் பேசிக்கிறேன்."

எங்களுக்கு எதிரே நெருப்பு ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

லிங்கம் என்னைப் பார்த்தார். நான் அவர் காதில், "ஆறு நிமிசம் பின்னால ஓடுதுண்ணே. நான்தான் அப்படி வச்சேன்" என்றேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை. போனை வாயருகே கொண்டுபோய், "இருக்காரும்மா. நீ பேசு" என்றார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். இருபது முப்பது ஆம்பிளைகள் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அவள் பேசினாள். மீசையை ஏன் இப்படிப் படிய வாரிவிட்டிருக்கிறார்கள், உனக்கு முறுக்கிவிட்டால்தானே பிடிக்கும் என்றாள். வயிற்றில் பிள்ளை உதைக்கிறது, நீதான் வந்திருக்கிறாய் போல என்றாள். நான் வெளியே போகும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வெட்டியான் குனியப்போகும் இடம் எனக்குத் தெரியும். அது நெருங்கியதும் லிங்கத்துக்குக் கை காட்டினேன். அவர், "நேரமாச்சும்மா. மூடட்டுமா?" என்றார்.

பிறகு, "ரைட்டுப்பா" என்றாள். "ரைட். போயிட்டு வா."

முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர்.

படத்தில் வறட்டி முகத்தை மூடியதும் நான் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். இல்லையென்றால் அடுத்த சில நிமிடத்தில் நெருப்பும், அதற்குமேல் அவளுடைய குரலும் அவளுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். "டவர் போச்சும்மா" என்றேன். அந்த நேரம் இரண்டு கோடு இருந்தது. இத்தனை வருடத்தில் டவர் இருக்கும்போது டவர் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 5

உரக்கடைக்குப் போனேன். லிங்கம் கடைப்பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, "எதுக்கு வந்த?" என்றார்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"என்கிட்ட எதுக்கு? இங்க பாரு. அவ நிம்மதியா இருக்கா. மாசமா இருக்குற புள்ள. நீ வாயத் தொறக்கக் கூடாது, நானும் தொறக்க மாட்டேன். அங்க நின்னவன் ஒருத்தனும் தொறக்க மாட்டான். சொல்லிட்டேன்."

"சரிண்ணே."

"ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன்யா முன்னாடியே சொல்லல?"

பயம் என்றேன். வேறு என்ன சொல்வது. அவர் ஒரு மூட்டையை எடுத்து இன்னொரு மூட்டை மேல் வைத்தார். வைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 9

கொத்தங்குடிக்குப் பிறகு விட்டுப்போன வீட்டார் ஒருவர் திரும்பக் கூப்பிட்டார். "கூத்தலூர் மயானத்துலயே விடாம ஓட்டுனியாமே" என்றார். 23ஆம் தேதிக் கல்யாணம். ஒப்புக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. மங்கை கேசரி கிண்டினாள்.

பிப்ரவரி 13

பதினாறாம் நாள் காரியம். பவானிக்கு மூன்று நாளைக்கு முன் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். குறைமாதம்தான், ஆனால் இருவரும் சுகம். அவளே செய்தி அனுப்பியிருக்கிறாள். அதன் கீழே: 'சார், மயானத்துல எடுத்த முழு வீடியோவும் வேணும். எதையும் வெட்டாம, சத்தத்தோட.'

கார்டில் எல்லாம் இருக்கிறது. நெருப்புப் படம், அதன்மேல் அவள் குரல்: அப்பா முகம் நல்லாத் தெரியுது.

ரஃபேல் வீட்டுக்கே போனேன். காய்ச்சல்காரன் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கார்டைக் கையில் வைத்துக்கொண்டே, "குடம் உடைக்கிறதோட வெட்டிருங்க. இல்ல சத்தத்த எடுத்துருங்க. அஞ்சு நிமிச வேல" என்றான். பிறகு, "என்னயச் செய்யச் சொல்லாதீங்க" என்று கார்டை நீட்டினான்.

பிப்ரவரி 14

வெட்டினேன். சுத்தமாக வந்திருக்கிறது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அனுப்பவில்லை.

பிப்ரவரி 15

பவானிக்குக் குரல் செய்தியாக ஏழு தடவை பேசி அழித்தேன். எட்டாவதை அனுப்பிவிட்டேன். 'அம்மா, அன்னைக்கு நீங்க பாத்தது ஆறு நிமிசம் பிந்தினது. நீங்க பேசும்போது மூடியாச்சு, நெருப்பும் வச்சாச்சு. தப்பு என்னுது. லிங்கண்ணனுக்கு முன்னாடி தெரியாது, அப்பத்தான் சொன்னேன்.' வெட்டாத வீடியோவையும் கூடவே அனுப்பினேன்.

லிங்கம் என்னைக் கொன்றுபோடுவார். பரவாயில்லை. பச்சை உடம்புக்காரிக்குச் செய்தது சரியா என்று தெரியவில்லை. மங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிப்ரவரி 16

காலை எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதை, ஞாபகம் இருக்கிறவரை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும் சார். அன்னைக்கே தெரியும். போன்ல நெருப்பு படபடன்னு வெடிக்கிற சத்தம் கேட்டுச்சு. யாரோ 'அனலடிக்குது, தள்ளி நில்லு'ன்னாங்க. ஆனா எதுத்தாப்புல அப்பா முகம் இருந்துச்சு. நான் முகத்தத்தான் பாத்தேன். லிங்கண்ணன் அவ்வளவு கஷ்டப்பட்டு 'இருக்காரும்மா'ங்குறாரு. இல்லன்னு நான் எப்படிச் சொல்றது?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்புறம் நான் ரைட் சொல்லி முடிச்சதும் லைவ்ல கேட்டுச்சு. லிங்கண்ணன் உங்கள்ட்ட, அவ பாத்துக்கிட்டிருக்காளான்னு கேட்டாரு. நீங்க, 'போகுதுண்ணே, பாத்துட்டாங்க'ன்னீங்க."

மைக் என் பக்கத்திலேயே இருந்தது. என் குரலும் ஆறு நிமிடம் காத்திருந்து அவளிடம் போயிருக்கிறது. இந்த நோட்டில் 3ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'போகுது என்றேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். 'பாத்துட்டாங்க' என்றும் சொன்னேன். அதை இங்கேகூட எழுதவில்லை. ரஃபேலுக்குக் காய்ச்சல் வந்தது அந்தச் சொல்லால்தான்.

"வீடியோவச் சத்தத்தோட கேட்டது வேற எதுக்கும் இல்ல சார். அன்னைக்கு அப்பாகிட்ட என்ன பேசுனேன்னு எனக்கே ஞாபகமில்ல. அதக் கேக்கணும்."

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். எத்தனையாவது தடவையோ.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, 'லிங்கண்ணே, ஆறு நிமிசம் பொறுங்க'ன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே சார்? பொறுக்க மாட்டாங்களா?"

பொறுத்திருப்பார்கள். வாய்க்கரிசிக்கு முன்னால் வெட்டியான் வைக்கோல் வண்டிக்காக அரைமணி நேரம் காத்திருந்தார். எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அங்கே ஒருவருக்கும் அவசரமில்லை.

பிப்ரவரி 17

ரஃபேல் வந்தான். நான் மண்ணெண்ணெயும் துணியுமாக வேன் பக்கத்தில் உட்கார்ந்து 'நொடி பிசகாத' என்பதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காமல் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனான். மதியத்துக்குள் 'சேவுகன் லைவ்' மட்டும் மிஞ்சியது. எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போய், உற்றுப் பார்த்தால் இன்னும் படிக்க முடிகிறது.

பிப்ரவரி 22

நாளைக்குக் கல்யாணம். பெண்ணின் தாய்மாமா துபாயில். அவருக்காகத்தான் லைவ். பெண்ணின் அப்பாவிடம் போய் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் பிந்தித்தான் வரும் என்றேன்.

"அப்ப அது லைவ் இல்லையே?" என்றார்.

"இல்லைங்க. ரெண்டு நிமிசம் பின்னால."

முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய் அவர் மனைவியோடு பேசும் சத்தம் கேட்டது. நான் முற்றத்தில் நட்டிருந்த பந்தக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனால் போகட்டும் என்று நினைத்தேன். அந்த அம்மா வெளியே வந்தார்.

"தாலியப் பாத்துட்டு என் தம்பி அங்கேருந்து ஆசீர்வாதம் சொல்லுவான். அதுக்கப்புறந்தான் பொண்ணும் மாப்பிள்ளையும் எந்திரிக்கணும். ரெண்டு நிமிசந்தானே? உக்காந்திருக்கட்டும்."

பிப்ரவரி 23

ஊர்: செம்பட்டி விடுதி. டவர்: ஒன்றுக்கு இரண்டு கோடு, இரண்டு இல்லை, மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு இரண்டு. தாலி கட்டும்போது ஒருமுறை அறுந்தது. மணமக்கள் எழுந்திருக்காமல் காத்திருந்தார்கள். மேளக்காரர் ஒரு பாட்டு சேர்த்து வாசித்தார். துபாயிலிருந்து குரல் வந்த பிறகு எழுந்தார்கள்.

தாமதம்: இரண்டு நிமிடம். முன்பே சொல்லியாயிற்று.